மூன்று நொடிக்கு ஒரு சொடக்கு: பந்தலூரில் நடந்த ஒரு திரையிடலின் நிகழ்வு ஆய்வு

சென்ற ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, நீலகிரி மாவட்டம் பந்தலூர் வட்டத்தில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் படிப்பகத்தில், ‘தி கேர்ள் இன் தி கஃபே’ என்ற ஆங்கிலப் படத்தை ஏறக்குறைய நாற்பது பேருக்குத் திரையிட்டோம். வந்தவர்களில் பாதிப்பேர் அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள். மற்றவர்கள் தோட்ட வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர்கள், ஓரிரு ஏக்கர் சொந்தமாக வைத்துக் கொழுந்து கிள்ளிப் போடும் சிறு விவசாயிகள், மழைக்கு ஒதுங்க வந்து அப்படியே உட்கார்ந்துவிட்ட சிலர். காதல் நகைச்சுவைப் படம் ஒன்று உலக வறுமையைப் பற்றிப் பேச முற்படும்போது, இந்திய, இலங்கை அரசுகள் செய்துகொண்ட ஓர் ஒப்பந்தத்தால் கடல் கடந்து வந்து இந்த மலையில் குடியேறிய மக்கள் அதை எப்படிப் பார்த்தார்கள் என்பதைப் பதிந்துவைக்கவே இதை எழுதுகிறேன். படம் முடியுமுன்பே மின்சாரம் நின்றுவிட்டது என்பதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். இங்கே நான் எழுதப்போகிறவற்றில் கனமானவை எல்லாம் இருட்டில் பேசப்பட்டவை.

படமும் அதன் நாளும்

2005 ஜூன் 25 அன்று பிரிட்டனில் பிபிசியிலும் அமெரிக்காவில் எச்பிஓவிலும் ஒரே நாளில் ஒளிபரப்பான தொலைக்காட்சிப் படம் இது. எழுதியவர் ரிச்சர்ட் கர்ட்டிஸ், இயக்கியவர் டேவிட் யேட்ஸ். நிதியமைச்சரிடம் வேலை பார்க்கும், வயது ஏறிப்போன, கூச்சம் மிகுந்த அதிகாரி லாரன்ஸாக பில் நையும், உணவகத்தில் அவர் தற்செயலாகச் சந்திக்கும் இளம்பெண் ஜீனாவாக கெல்லி மெக்டொனால்டும் நடித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் தொலைக்காட்சிக்காகத் தரப்படும் எம்மி விருதுகளில், 2006ஆம் ஆண்டு, சிறந்த தொலைக்காட்சிப் படம், சிறந்த எழுத்து, சிறந்த துணை நடிகை ஆகிய மூன்றும் இதற்குக் கிடைத்தன. படத்தின் பெயரே ஜீனாவைத்தான் குறிக்கிறது, கதையைத் திருப்புகிறவளும் அவள்தான். அப்படியிருக்க அவளுக்குத் ‘துணை’ நடிகை என்ற பட்டம் ஏன் என்று எங்கள் மாணவி ஒருத்தி கேட்டாள். எனக்கும் பதில் தெரியவில்லை.

ஒளிபரப்பான நாளைக் கவனிக்க வேண்டும். அதற்குச் சரியாக 11 நாள் கழித்து, ஜூலை 6 முதல் 8 வரை, ஸ்காட்லாந்தின் கிளெனீகிள்ஸ் என்ற இடத்தில் எட்டுப் பணக்கார நாடுகளின் தலைவர்கள் கூடவிருந்தார்கள். ஆப்பிரிக்காவின் கடனும் வறுமையும் அந்த மாநாட்டின் முக்கியப் பொருள்கள். படத்திலும் அதே எட்டு நாட்டு மாநாடுதான் நடக்கிறது, ஆனால் அது ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக்கில் கூடுகிறது. ஐஸ்லாந்து அந்த எட்டு நாடுகளில் ஒன்றே அல்ல. நடக்கவிருந்த மாநாட்டைப் பற்றி நேராகப் பேசினால் பிரசாரமாகிவிடும் என்பதாலோ என்னவோ, பக்கத்து வீட்டுக் கதையைச் சொல்வதுபோல் ஊரை மாற்றிச் சொல்லியிருக்கிறார் கர்ட்டிஸ். மருமகளுக்குச் சொல்ல வேண்டியதை மகளைக் கூப்பிட்டுச் சொல்லும் மாமியார் தந்திரம் நமக்குப் புதிதல்ல.

இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் மிகச் சாதாரணமானது. எங்கள் மாணவர்கள் ஐக்கிய நாடுகளின் புத்தாயிர வளர்ச்சி இலக்குகள் எட்டையும் வரிசை மாறாமல் ஒப்பிப்பார்கள். 2000இல் அறிவிக்கப்பட்டது, 2015 கெடு, நான்காவது இலக்கு குழந்தை இறப்பை மூன்றில் இரண்டு பங்கு குறைப்பது என்றெல்லாம் மடமடவென்று வரும். அந்த எட்டு வரிகளுக்காக ஒரு மேசையைச் சுற்றி மனிதர்கள் உட்கார்ந்து பேரம் பேசினார்கள், யாரோ விட்டுக்கொடுத்தார்கள், யாரோ மறுத்தார்கள் என்பது மட்டும் அவர்கள் மனத்தில் பதியவில்லை. அந்தப் பேரம்தான் இந்தப் படத்தின் களம்.

திரையிட்ட முறை

தமிழ் வசன எழுத்துக்கள் இல்லாததால், ஒவ்வொரு காட்சிக்கும் முன்பாக நான் எழுதி வைத்திருந்த தமிழ் வசனங்களை வாசித்துவிட்டுப் படத்தை ஓடவிட்டேன். இது நல்ல முறையல்ல. சிரிக்க வேண்டிய இடத்தில் நான் வாசிக்கும்போதே சிரித்துவிட்டு, திரையில் அது வரும்போது அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். ஆனாலும் பில் நையின் நடிப்புக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. நெரிசலான உணவகத்தில் வேறு இருக்கை இல்லாமல் அவள் இருந்த மேசையில் வந்து உட்காரும் அவர், ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, பாதியில் விட்டு, அதற்காக மன்னிப்புக் கேட்டு, அந்த மன்னிப்பையும் முடிக்க முடியாமல் தேநீரைப் பார்க்கிறார். பின் வரிசையிலிருந்து ஒரு குரல், “பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளைகூட இவ்வளவு வெக்கப்பட மாட்டான்” என்றது. கூடம் முழுவதும் சிரித்தது. இந்த முதல் அரைமணி நேரம்தான் படத்தின் கைத்திறன் மிகுந்த பகுதி என்பது என் கணிப்பு. வாழ்நாள் முழுவதும் அரசு அறிக்கைகளை எழுதிய ஒருவருக்கு, சொந்தமாகச் சொல்ல ஒரு வாக்கியம்கூடக் கைவசம் இல்லை. நகைச்சுவையும் சோகமும் அந்த ஒரே இடத்திலிருந்துதான் பிறக்கின்றன.

லாரன்ஸ் ஜீனாவையும் மாநாட்டுக்கு உடன் அழைத்துப் போக, ரெய்க்யவிக்கின் விடுதி அறையில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கட்டில்தான் இருக்கிறது என்று தெரியவரும் காட்சியில் முன்வரிசை இளைஞர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள், பாட்டிமார்கள் குனியவில்லை. எந்தக் காட்சியை வெட்டலாம் என்று நான் முந்தின இரவு யோசித்துக்கொண்டிருந்தது வீண் வேலை.

மொழிபெயர்ப்பில் எனக்கு உண்மையான சிக்கல் தந்தது கடன் பற்றிய பேச்சு. ஏழை நாடுகளின் கடனை நீக்குவதைச் சொல்ல ‘கடன் தள்ளுபடி’ என்று எழுதியிருந்தேன். தமிழில் அதற்குப் பழகிய சொல் அதுதான். ஆனால் 2006இலும் 2021இலும் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி நடந்த மாநிலத்தில் அந்தச் சொல் வெறும் சொல்லாக நிற்பதில்லை. சிறு விவசாயி ஒருவர் படத்தை நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கினார். பட்டியல் யார் போடுவது, எந்தத் தேதிக்கு முன்னால் வாங்கிய கடன், நகைக்கடனும் சேருமா என்று மூன்று கேள்விகள் கேட்டார். கடைசிக் கேள்விக்கு எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் முதல் இரண்டும் குறி தவறாத கேள்விகள். கிளெனீகிள்ஸுக்குச் சில வாரங்களுக்கு முன், 2005 ஜூனில், எட்டு நாட்டு நிதியமைச்சர்கள் லண்டனில் கூடித் தள்ளுபடிக்கு ஒப்புக்கொண்டபோது முதலில் பயன்பெறுவதாக இருந்தவை 18 நாடுகள். தொகை ஏறத்தாழ 4,000 கோடி டாலர். அந்தப் பதினெட்டில் இடம்பெற ஒரு நாடு உலக வங்கியும் பன்னாட்டு நிதியமும் வகுத்த பொருளாதாரச் சீர்திருத்தங்களைச் செய்து முடித்திருக்க வேண்டும். பட்டியல் போடுகிறவர் கையில்தான் தள்ளுபடியின் உயிர் இருக்கிறது என்பதைக் கூட்டுறவுச் சங்க வாசலில் நின்றவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

சொடக்கு

படத்தின் நடுநாயகமான காட்சி ஒரு விருந்து. பிரதமர் எழுந்து பேசிக்கொண்டிருக்கும்போது, வெறும் விருந்தாளியாக வந்திருக்கும் ஜீனா குறுக்கிடுகிறாள். மூன்று நொடிக்கு ஒரு குழந்தை வறுமையால் இறக்கிறது என்று சொல்லி, மூன்று நொடிக்கு ஒருமுறை விரலைச் சொடுக்குகிறாள். அவ்வளவுதான் காட்சி. வெள்ளை மேசைவிரிப்பு, கண்ணாடிக் கிண்ணங்கள், ஒரு பெண்ணின் கட்டைவிரலும் நடுவிரலும்.

இந்தக் காட்சியைப் பற்றி ஆங்கிலத்தில் பேசுகிறவர்கள் அந்தச் சொடக்கை நேரத்தின் அளவாகப் பார்ப்பார்கள். எங்கள் கூடத்தில் அது வேறாகப் பட்டது. தோட்ட வேலையிலிருந்து ஓய்வுபெற்ற, எழுபதை நெருங்கும் ஓர் அம்மா, “பெரியவங்க முன்னால சொடக்குப் போடுறாளே!” என்று வாய்விட்டுச் சொன்னார். சொன்ன குரலில் கண்டிப்பு இருந்தது, அதோடு ஏதோ ஒரு மகிழ்ச்சியும் இருந்தது. பிறகு அவரே விளக்கினார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக் களத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடாமல் சொடக்குப் போட்டுக் கூப்பிடுவது, வேலையை மேற்பார்க்கும் கங்காணியின் பழக்கமாம். கொழுந்து பறிக்கும் நிரையில் யாராவது பின்தங்கினால் மேலேயிருந்து ஒரு சொடக்குக் கேட்கும். தலையை நிமிர்த்தாமலேயே அது யாருக்கு என்று தெரிந்துவிடும். மேலிருந்து கீழே மட்டும் போகும் ஒலி அது. கீழேயிருந்து மேலே போய் யாரும் கேட்டதில்லை. இந்தப் பெண் பிரதமரையே சொடக்குப் போட்டுக் கூப்பிடுகிறாள் என்பதுதான் அவருக்குத் திகைப்பு.

நான் இந்தப் படத்தை நான்கைந்து முறை பார்த்தவன். எனக்கு இது தோன்றியதே இல்லை. அந்த அம்மா சொன்ன பிறகு காட்சியின் அரசியலே வேறாகத் தெரிகிறது. ஜீனா புதிய தகவல் எதையும் அந்த மேசைக்குக் கொண்டுவரவில்லை. அவள் சொல்லும் எண்ணிக்கை அங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரின் கோப்பிலும் இருக்கிறது, லாரன்ஸே பலமுறை தட்டச்சு செய்திருப்பார். அவள் மீறுவது மேசை மரியாதையை. அந்த மீறல் நம் மனத்தில் ஏற வேண்டும் என்பதற்காகத்தான், அதற்கு முன் ஒரு மணிநேரம் மரியாதையைத் தவிர வேறொன்றும் அறியாத ஒரு மனிதரை நமக்குக் காட்டி, அவரை நாம் நேசிக்கும்படி செய்திருக்கிறார்கள். காதல் கதை அரசியலுக்குப் பூசிய சர்க்கரை என்று இந்தப் படத்தைக் குறைசொல்வதை நான் ஏற்பதில்லை. லாரன்ஸின் கூச்சம் இல்லாவிட்டால் ஜீனாவின் சொடக்குக்கு ஒலியே இல்லை.

இன்னொன்றும் உண்டு, தமிழாசிரியர் ஒருவர் எடுத்துக் கொடுத்தது. கண்ணிமைக்கும் பொழுதும் கைநொடிக்கும் பொழுதும் ஒரு மாத்திரை என்று எழுத்தின் ஒலிக்கு அளவு சொல்கிறது தொல்காப்பியம். கைநொடி என்பது விரலைச் சொடுக்குவதுதான். கடிகாரத்தின் ‘செகண்ட்’ வந்தபோது நாம் பழைய ‘நொடி’யையே அதற்குக் கொடுத்துவிட்டோம். ஆகவே ‘மூன்று நொடிக்கு ஒரு குழந்தை’ என்று நான் வாசித்தபோது, அந்த வாக்கியத்துக்குள்ளேயே மூன்று சொடக்குகள் இருந்தன. எழுதிய எனக்கே அது தெரியாது.

இந்தப் பேச்சு முடியுமுன் மின்சாரம் போயிற்று. இன்வெர்ட்டர் இரண்டு நிமிடம் தாங்கி, கீச்சென்று கத்திவிட்டு அதுவும் நின்றது. வெளியே தகரக் கூரையில் மழை.

இருட்டில் பேசியவை

ஒரு மாணவன் கைபேசியில் கணக்குப் போட்டான். ஒரு நாளைக்கு 86,400 நொடி. மூன்றால் வகுத்தால் 28,800 குழந்தைகள். ஆண்டுக்கு ஒரு கோடியே ஐந்து லட்சத்துக்கு மேல். படம் வந்த காலத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்பு உலகெங்கும் ஏறத்தாழ அந்த அளவில்தான் இருந்தது. 2022க்கான ஐக்கிய நாடுகளின் மதிப்பீடு 49 லட்சம். அதையும் அவன் வகுத்து, ஆறு நொடிக்குச் சற்று அதிகம் என்றான். அப்படியானால் படம் சொன்னது நடந்துவிட்டதா என்று ஒருத்தி கேட்டாள். ஓரளவு நடந்தது. 1990க்கும் 2015க்கும் இடையே குழந்தை இறப்பு விகிதம் பாதிக்குமேல் குறைந்தது, ஆனால் இலக்கான மூன்றில் இரண்டை எட்டவில்லை. கிளெனீகிள்ஸில் தலைவர்கள் 2010க்குள் உதவித்தொகையை ஆண்டுக்கு 5,000 கோடி டாலர் கூட்டுவதாகவும் அதில் பாதியை ஆப்பிரிக்காவுக்குத் தருவதாகவும் கையொப்பமிட்டார்கள். கெடு வந்தபோது ஆப்பிரிக்காவுக்குக் கூடுதலாகச் சேர்ந்தது சொன்னதில் பாதியைக்கூட எட்டவில்லை. மாநாட்டின் நடுநாளான ஜூலை 7 அன்று லண்டனில் குண்டுகள் வெடித்ததால், பிரதமர் டோனி பிளேர் இடையிலேயே தலைநகருக்கு ஓட வேண்டியிருந்தது என்பதையும், அழைக்கப்பட்ட விருந்தினராக மன்மோகன் சிங் அந்த மாநாட்டுக்குச் சென்றிருந்தார் என்பதையும் சொன்னேன். அந்தக் கடைசித் தகவலை மட்டும் இளைஞர்கள் குறித்துக்கொண்டார்கள். தேர்வில் கேட்பார்களாம்.

பெரியவர்களின் பேச்சு வேறு பக்கம் போயிற்று. படத்தில் வறுமையில் வாடுகிறவர் ஒருவர்கூட வந்து பேசவில்லையே என்று ஒருவர் கேட்டார். அது உண்மை, கதை லண்டனையும் ரெய்க்யவிக்கையும் விட்டு நகர்வதே இல்லை. நான் இதைப் படத்தின் பெரிய குறையாகத்தான் வைத்திருந்தேன். ஆப்பிரிக்கத் தாய்களுக்காக ஒரு ஸ்காட்லாந்துப் பெண் பேசுகிறாள், கைதட்டலும் அவளுக்கே போகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சொடக்கு அம்மா குறுக்கிட்டார். “எங்களுக்காவும் பேசுனாங்க தம்பி, நாங்களும் அந்த மேசையில இல்ல.”

அவர் சொன்னது 1964 அக்டோபர் 30 அன்று டெல்லியில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தை. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட இலங்கை மலையகத் தமிழர்களை 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் எடுத்துக்கொள்வதென்று முடிவானது. எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்து, 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். நான் இந்த எண்களைச் சொன்னபோது, கொழுந்து நிறுக்கும்போது மிச்சத்தைப் பிரிப்பதுபோல் இருக்கிறதே என்று ஒருவர் சொன்னார். அந்தக் கணக்கில் வந்தவர்களுக்கு வேலை தருவதற்காகவே வனத்துறையின் கீழ் 1968இல் இங்கே அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கி, 1976இல் டேன்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) என்ற அரசு நிறுவனமாயிற்று. பந்தலூர், சேரம்பாடி, கொளப்பள்ளி, கூடலூர்ப் பக்கத்து லயங்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இன்றும் இருப்பவர்களில் பலர் அவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தான்.

அந்த அம்மா தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியபோது அவருக்குப் பதினாறு வயது. அப்பா ஒரு தாளில் கைநாட்டு வைத்ததும், எந்த ஊருக்குப் போகிறோம் என்று கேட்டதற்கு ‘ஊட்டிப் பக்கம்’ என்று யாரோ சொன்னதும் நினைவிருக்கிறது. அவருக்கு ஜீனாமேல் குறை எதுவும் இல்லை. “யாரு பேசுனா என்ன, அன்னிக்கு அப்படி ஒருத்தி எந்திரிச்சுச் சொடக்குப் போட்டிருந்தா, எங்க சித்தி குடும்பத்தையும் எங்களோட ஒரே பக்கம் போட்டிருப்பாங்கள்ல” என்றார். அவர் சித்தி இலங்கைக் கணக்கில் நின்றுவிட்டவர்.

என் விமர்சனத்தை நான் முழுவதும் கைவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். படம் வறியவரைக் காட்டாமல் வறுமையைப் பேசுவது இன்னும் எனக்கு உறுத்துகிறது, ஜீனா சிறைக்குப் போய்வந்த காரணத்தை அவளுடைய தார்மிகக் கோபத்துக்குத் துணையாக நிறுத்தும் இடத்தில் கர்ட்டிஸின் கை சற்று அழுத்தமாகவே தெரிகிறது. குழந்தை ஒன்றைத் துன்புறுத்தியவனைத் தாக்கியதற்காகச் சிறை சென்றவள் அவள். அது இல்லாமலேயே, சாதாரணப் பெண் ஒருத்தியாகவே, அவள் எழுந்து பேசியிருந்தால் காட்சி இன்னும் கூர்மையாக இருந்திருக்கும். ஆனால் அது யாருடைய குழந்தை என்று லாரன்ஸ் கேட்க, யாருடையதாக இருந்தால் என்ன என்ற பொருளில் அவள் பதில் சொல்லும் இடம், சித்தியைப் பற்றிய அந்தப் பேச்சுக்குப் பிறகு, எனக்கு வசனமாகக் கேட்கவில்லை.

சிறு விவசாயி இடையில் ஒரு வார்த்தை சேர்த்தார். 1991இல் சோவியத் ஒன்றியம் உடைந்தபோது நீலகிரித் தேயிலைக்கு இருந்த பெரிய சந்தை ஆட்டம் கண்டது, தொண்ணூறுகளின் இறுதியில் பசுந்தேயிலை விலை பாதாளத்துக்குப் போனது, மாஸ்கோவில் யாரோ கையெழுத்துப் போட்டதற்கு இங்கே பெண்ணின் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டோம் என்றார். உலக அரசியல் என்பது செய்தித்தாளின் ஏழாம் பக்கத்தில் வருவது என்று நினைத்திருந்த மாணவர்கள் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். இருட்டில் அவர் முகம் தெரியவில்லை, பீடி நுனி மட்டும் தெரிந்தது. படிப்பகத்துக்குள் புகைக்கக்கூடாது என்று அன்று யாரும் சொல்லவில்லை.

மின்சாரம் வந்தபோது மணி ஒன்பதரை. கடைசிப் பேருந்துக்காகப் பெரியவர்கள் எல்லோரும் கிளம்பியிருந்தார்கள், படத்தின் முடிவைப் பார்த்தவர்கள் ஆறு பேர். மறுநாள் காலையில் பால் வாங்க வந்த வழியில் அந்த அம்மா சன்னலருகே நின்று, படத்தை மறுபடி போடுவீர்களா, முழுவதும் வேண்டாம், விருந்துக் காட்சியை மட்டும் போட்டால் போதும் என்றார். மாணவர்களோ உணவகக் காட்சிகளை மட்டும் இன்னொரு முறை கேட்கிறார்கள். ஒன்றை விட்டு ஒன்றைப் போட முடியாது என்று இரு தரப்புக்கும் சொல்லியிருக்கிறேன். ஆவணியில் மழை சற்று ஓய்ந்ததும் முழுப்படத்தையும் போடுவதாக முடிவு, வாடகை ஜெனரேட்டருக்கும் சொல்லிவைத்தாயிற்று.